குளோரின் டன்னர் உள்ள ஆலைக்கு அவசரகாலத் திட்டம் போடுவது எப்படி?

பாதுகாப்பு அலுவலராகவோ யுட்டிலிட்டி இன்சார்ஜாகவோ புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலேயே வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. “ஆன்சைட் பிளான் பழசாயிடுச்சு, ஆடிட்டுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு ரெடி பண்ணிடுங்க.” ஆலைக்குள் விபத்து நேர்ந்தால் யார் என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டம்தான் ஆன்சைட் பிளான். அலமாரியில் இருக்கும் பழைய கோப்பை எடுத்தால் தடிமனாக இருக்கும். உள்ளே எப்போதோ ஓய்வுபெற்றவரின் கைபேசி எண்ணும், வேறு ஏதோ ஓர் ஆலையின் வரைபடமும் இருக்கும். கன்சல்டன்ட் ஒருவரைப் பிடித்துப் பெயரை மட்டும் மாற்றி அதே தடிமனில் இன்னொன்று வாங்கிவிடலாம், ஆடிட்டும் தாண்டிவிடும். ஆனால் இரவு 2 மணிக்கு ஒரு வால்வு கசியத் தொடங்கினால், ஷிப்டில் இருக்கும் நான்கு பேரில் ஒருவருக்கும் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

அந்த நான்கு பேரை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசை. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், காகித ஆலை, அனல் மின் நிலையக் குளிர்நீர்ப் பகுதி என்று தமிழ்நாட்டில் குளோரினை டன்னரில், அதாவது பெரிய உருளை வடிவ இரும்புக் கொள்கலனில், வாங்கிப் பயன்படுத்தும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். அம்மோனியா வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். ஆனால் எண்களும் கசிவை அடக்கும் முறையும் வேறு. அம்மோனியாவுக்குச் சட்ட வரம்பு 60 டன்னில் தொடங்குகிறது, தண்ணீர்த் திரை அங்கே நன்றாகக் கைகொடுக்கும். குளோரினுக்குத் தண்ணீரை நம்பாதீர்கள்.

1. முதலில் டன்னரை எண்ணுங்கள்

ஒரு டன்னரில் 900 கிலோ குளோரின். அபாயகர ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989இல் வந்தன. துறையில் எல்லாரும் எம்எஸ்ஐஎச்சி விதிகள் என்பார்கள். அதில் குளோரினுக்கு இரண்டு கோடுகள்: 10 டன், 25 டன். 11 டன்னர் என்றால் 9.9 டன். பன்னிரண்டாவது உள்ளே வந்தால் 10.8. அந்த ஒரு டன்னரோடு இட அறிவிப்பு, ஆன்சைட் திட்டம், அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் எல்லாம் கட்டாயமாகிவிடும். 28 சேர்ந்தால் 25.2 டன். அதற்கு மேல் பாதுகாப்பு அறிக்கையும், ஆலையோடு தொடர்பில்லாத நிபுணரைக் கொண்டு செய்யும் தணிக்கையும் கூடுதல்.

பலர் தவறுவது இருப்புப் பதிவேட்டின் சராசரியை எடுப்பதில். பொங்கலுக்கு முன் லாரி கிடைக்காது என்று சேர்த்து வாங்கி வைப்பீர்களே, அந்த நாளின் எண்ணிக்கைதான் கணக்கு. வாசலில் இறக்கக் காத்திருக்கும் லாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே உரிமையாளரின் இரண்டு பிளான்ட்டுகள் 500 மீட்டருக்குள் இருந்தால் இரண்டின் இருப்பையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறு யூனிட் என்ற வாதம் எடுபடாது.

காலி டன்னர் என்று நாம் சொல்வது உண்மையில் காலியில்லை, உள்ளே அழுத்தத்தோடு வாயு மிச்சமிருக்கும். வால்வு மூடியும் தொப்பியும் போடாமல் வெயிலில் உருட்டிவிட்ட காலி டன்னரிலிருந்து கசிவு வருவது புதிதல்ல.

10 டன்னுக்குக் கீழே இருந்தால் திட்டம் வேண்டாமா என்று கேட்பார்கள். கசிவது ஒரு டன்னர்தான், பக்கத்தில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதால் அதன் வீரியம் குறையாது. அனுப்ப வேண்டிய காகிதம் குறையும், ஷெட்டில் செய்ய வேண்டிய வேலை அப்படியே இருக்கும்.

2. ஷெட்டை இரவில் போய்ப் பாருங்கள்

எழுத உட்காரும் முன் ஒருநாள் இரவு 1 மணிக்கு மேல் போங்கள். யாருக்கும் சொல்லாமல் போவது நல்லது. கையில் ஒரு தாள் போதும்.

ஷிப்டில் எத்தனை பேர், அவர்களில் குளோரின் பயிற்சி பெற்றவர் யார்? ஷெட்டின் சாவி எங்கே? கசிவை அடைக்கும் கருவிகள் கொண்ட எமர்ஜென்சி கிட் வைத்த பெட்டியின் சாவி எங்கே? இந்த இரண்டாவது சாவி பெரும்பாலும் ஸ்டோர்கீப்பர் வீட்டில் இருக்கும். காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை வாசலிலிருந்து தெரிகிறதா, அதன்மேல் விளக்கு விழுகிறதா? வெயிலில் நைந்து கம்பத்தில் சுற்றிக்கொண்ட பை பகலிலேயே பயன்படாது. சைரன் பொத்தான் எங்கே, மின்சாரம் போனால் அது ஒலிக்குமா? ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கழியும் நேரத்துக்குக் கையால் சுழற்றும் சைரன் ஒன்று காவலர் அறையில் இருக்க வேண்டும்.

ஷெட்டுக்கு இரண்டு வாசல் உண்டா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, இரண்டாவது கதவின் முன்னால் பழைய பம்ப் எதையாவது கிடத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். டன்னரின் இரண்டு வால்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். டன்னர் உருளைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அந்த உருளை சுழல்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிய உருளைமேல் இருக்கும் ஒன்றரை டன் எடையை, கசிவு நேரத்தில் யாராலும் திருப்ப முடியாது.

குளோரின் வாயு காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். பள்ளம், வடிகால், கேபிள் டிரெஞ்ச் என்று தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். ஷெட்டிலிருந்து புறப்படும் வடிகாலோடு நடந்து அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். கான்டிராக்ட் தொழிலாளர் படுக்கும் அறைப் பக்கம் போனால் அதைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். கேட்டருகே கேபினில் தூங்கும் லாரி டிரைவரையும் எண்ணிக்கையில் சேருங்கள்.

அந்தத் தாள்தான் உங்கள் திட்டத்தின் முதல் பக்கம்.

3. எந்தக் கசிவு, எவ்வளவு தூரம்?

கோப்புகளில் பத்துப் பன்னிரண்டு விபத்துக் காட்சிகள் எழுதியிருப்பார்கள். டன்னர் ஷெட்டுக்கு மூன்று போதும். வால்வு தண்டு பேக்கிங்கில் வரும் சிறு வாயுக் கசிவு. பிக்டெய்ல் எனப்படும் வளைந்த செப்புக் குழாய் இணைப்பில் விடுவது. சூடேறினால் உருகிவிடும் உலோக அடைப்பான பியூசிபிள் பிளக் உருகியோ அரித்தோ திறந்துகொள்வது.

அடிக்கடி நடப்பது இரண்டாவது, காரணமும் சில்லறையானது. ஒவ்வொரு முறை டன்னர் மாற்றும்போதும் ஈய வாஷர் புதிதாகப் போட வேண்டும். பழையதையே திருப்பிப் போடுவார்கள். இறுகவில்லை என்று நீண்ட ஸ்பேனரை மாட்டி முறுக்குவார்கள். 200 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான ஸ்பேனரை டன்னர் வால்வுக்கு எடுக்கக் கூடாது. வால்வு முழுதாகத் திறக்க ஒரு சுற்று போதும்.

பியூசிபிள் பிளக் ஒரு பக்கத்துக்கு மூன்றாக டன்னருக்கு ஆறு. ஏறக்குறைய 70 முதல் 74 டிகிரி செல்சியஸில் உருகும். வாயு வேகமாக வரட்டும் என்று டன்னர்மேல் சுடுதண்ணீர் ஊற்றுவதும், பக்கத்தில் வெல்டிங் வைப்பதும் ஏன் ஆகாது என்பதற்கு இந்த எண் போதும்.

திரவக் கசிவையும் வாயுக் கசிவையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். குளோரின் கொதிநிலை மைனஸ் 34 டிகிரி. 30 டிகிரி வெயிலில் டன்னருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ அழுத்தம் இருக்கும். வெளியே வரும் ஒரு லிட்டர் திரவம் சுமார் 460 லிட்டர் வாயுவாக விரியும். ஓட்டை ஒரே அளவாக இருந்தாலும் திரவமாக வெளியேறினால் இழப்பு பல மடங்கு. டன்னரை உருட்டிக் கசியும் இடத்தை மேலே கொண்டுவருவதன் காரணம் இதுதான்.

வாயு பரவும் தூரத்தைக் கணக்கிட அலோஹா என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதைக் கன்சல்டன்ட்டிடம் விட்டாலும், அவர் கொடுத்த உள்ளீடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பகல் காற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் வாயு கலையாமல் தரையோடு ஊர்ந்து நெடுந்தூரம் போகும். வட அமெரிக்க அவசரகாலக் கையேடான ஈஆர்ஜியில் ஒற்றை டன்னருக்கு எல்லாப் பக்கமும் 150 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறார்கள். காற்று அடிக்கும் திசையில் பாதுகாக்க வேண்டிய தூரம், மெல்லிய காற்றுள்ள இரவில் பகலைவிட ஏறக்குறைய இரட்டிப்பு.

வரைபடத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 20 பிபிஎம் உயிருக்கு ஆபத்தான அளவு. 10 பிபிஎம்முக்கு மேல் மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. 2 பிபிஎம் ஒரு மணி நேரம் நீடித்தால் வெளியே உள்ளவர்களுக்கு உடல் பாதிப்பு வரும். இந்த வட்டங்களுக்குள் எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்த விடுதி வருகிறது என்பதை நடந்துபோய் எழுதுங்கள். கூகுள் வரைபடத்தில் போன வருடம் முளைத்த காலனி இருக்காது.

காற்றுத் திசைக்கு ஒரே அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒரு திசை, வடகிழக்கில் அதற்கு எதிர்த்திசை, கடற்கரை ஊரென்றால் பிற்பகலில் கடற்காற்று தனி. ஒன்றுகூடுமிடம் ஒன்றே ஒன்றாக இருந்தால் வருடத்தில் பாதி நாள் வாயு வரும் வழியிலேயே ஆட்களை நிறுத்துவீர்கள். எதிரெதிர்த் திசைகளில் இரண்டு வேண்டும், இரண்டும் மேடாக இருக்க வேண்டும்.

4. முடிவெடுப்பவர் யார்?

விதிகளின்படி முழுப் பொறுப்புக்கு மெயின் கன்ட்ரோலர், கசிவு இடத்தில் நின்று நடத்த இன்சிடென்ட் கன்ட்ரோலர் என்று பொறுப்புகள் போட வேண்டும். பொது மேலாளரும் உற்பத்தி மேலாளரும் என்று எழுதிவிடுவது வழக்கம். இருவரும் இரவில் 20 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் தூங்குகிறார்கள்.

அவர்கள் வந்து சேரும்வரை ஷிப்ட் இன்சார்ஜ்தான் இன்சிடென்ட் கன்ட்ரோலர். சைரன் அடிக்கவும், பிளான்ட்டை நிறுத்தவும், 101க்கும் 112க்கும் பேசவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நிர்வாகத்தின் கையெழுத்தோடு ஓர் ஆணை வாங்குங்கள். திட்டத்திலேயே கிடைக்கக் கடினமான காகிதம் இதுதான். “என்னைக் கேட்காம வெளிய சொல்லாதே” என்று வாய்மொழியாக ஒரு வழக்கம் ஆலையில் இருந்தால், எழுதிய திட்டம் முழுக்க அதற்குக் கீழ்தான்.

நான்கு பேர் ஷிப்டுக்கு வேலைப் பங்கீடு இப்படி இருக்கலாம். பேனலில் இருப்பவர் குளோரின் லைனை அடைத்து, கசிந்த வாயுவை உறிஞ்சிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவும் ஸ்க்ரப்பரின் பம்பையும் புளோயரையும் ஓட விடுவார். இன்சார்ஜ் சைரன் அடித்துத் தீயணைப்புக்கும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077க்கும் பேசுவார். மூன்றாமவர் ஆட்களைக் காற்றுக்குக் குறுக்காக வெளியேற்றித் தலை எண்ணுவார். நான்காமவர் வாசலில் நின்று வரும் வண்டியைச் சரியான பக்கம் திருப்புவார். கசிவை அடைக்க உள்ளே போக யாரும் மிச்சமில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இரண்டு பேர் போனால் அதே கருவி மாட்டி வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். ஆகவே இரவுத் திட்டத்தில் “உடனே கசிவை அடைக்கவும்” என்று எழுதுவது நான்கு பேரில் ஒருவரைப் பலிகொடுக்க எழுதுவது. குடியிருப்பிலிருந்து யாரை அழைப்பது, பக்கத்து ஆலையிலிருந்து யார் வருவார், குளோரின் சப்ளையரின் அவசரக் குழு எந்த எண்ணில் கிடைக்கும், வர எவ்வளவு நேரமாகும் என்பதை எழுதுங்கள். சப்ளையர் எண்ணைப் பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போதே நிபந்தனையாக வாங்கிவிடுங்கள்.

தொலைபேசிப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய வாசகம் இது. பதற்றத்தில் யாருக்கும் வார்த்தை வராது என்பதால் முழு வாக்கியமாகவே எழுதி ஒட்டுங்கள்:

“குளோரின் வாயுக் கசிவு. (ஆலை பெயர்), (ஊர்). ஒரு டன்னர், 900 கிலோ. காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கிழக்கே உள்ள (தெரு பெயர்) பாதிக்கப்படலாம். வண்டியை மேற்கு வாசல் வழியாகக் கொண்டுவாருங்கள், கிழக்கு வாசலுக்கு வர வேண்டாம். டன்னர்மேல் தண்ணீர் அடிக்க வேண்டாம். என் பெயர் இது, இந்த எண்ணில் இருக்கிறேன்.”

திசைகளை மட்டும் அந்த நேரத்தில் காற்றுப்பையைப் பார்த்து மாற்றிச் சொல்ல வேண்டும்.

5. கருவிகள்: வாங்குவது பாதி, வைக்கும் இடம் பாதி

எமர்ஜென்சி கிட். டன்னருக்கு உரியது பி கிட், சிறு சிலிண்டருக்கு ஏ கிட். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஏ கிட்டை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆலைகள் உண்டு. பி கிட்டில் வால்வை மூடும் தொப்பி, பியூசிபிள் பிளக்கை அடைக்கும் பட்டை, பக்கச் சுவருக்குச் சங்கிலியோடு கூடிய ஒட்டுப்பட்டை இருக்கும். கேஸ்கெட் காய்ந்து கல்லாகியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். ஷெட்டுக்குள்ளேயே பெட்டியை வைப்பவர்கள், கசிவு வந்தால் கசிவுக்குள் போய்த்தான் அதை எடுக்க வேண்டும். ஷெட்டிலிருந்து தள்ளி, பூட்டில்லாமல், உடைக்கும் சீல் மட்டும் போட்டு வையுங்கள்.

மூச்சுக்கருவி. குறைந்தது நான்கு செட். 6 லிட்டர், 300 பார் சிலிண்டர் என்றால் 1,800 லிட்டர் காற்று. காகிதத்தில் 45 நிமிடம். காற்று தீரப்போகிறது என்று விசில் அடிக்கும்போது இருக்கும் மிச்சத்தைக் கழித்து, நம் வெயிலில் ரப்பர் உடையோடு ஸ்பேனர் பிடிப்பவரின் மூச்சையும் கணக்கிட்டால் அரை மணி நேரம் தாண்டாது. நடந்துபோகும் நேரம், திரும்பும் நேரம் அதற்குள்தான். கேனிஸ்டர் முகமூடி தப்பி ஓடுவதற்கு மட்டும். தாடி வைத்தவருக்கு முகமூடி பொருந்தாது, இதை ஆள் தேர்வின்போதே சொல்லிவிடுங்கள், நடு ஒத்திகையில் சொன்னால் மனத்தாங்கல்தான் வரும்.

அம்மோனியா பாட்டில். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க அம்மோனியாக் கரைசலின் ஆவியைக் காட்டினால் வெள்ளைப் புகை எழும். பாட்டிலைப் பிழிந்து ஆவியை மட்டும் விடுங்கள். கரைசலைப் பித்தளை வால்வின்மேல் தெளித்தால் வால்வு கெடும். பாதி ஆலைகளில் பாட்டில் இருக்கும், உள்ளே அம்மோனியா எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும்.

ஸ்க்ரப்பர். ஒரு கிலோ குளோரினுக்கு 1.13 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். 900 கிலோவுக்கு 1,015 கிலோ வருகிறது. கொஞ்சம் கூடுதல் வைத்து 1,150 கிலோ என்று கொள்ளுங்கள். 20 சதவீதக் கரைசலாக அது ஏறக்குறைய 4,700 லிட்டர் தொட்டி. இன்னும் அடர்த்தியாக வைத்தால் உப்பு படிந்து குழாய் அடைக்கும். காஸ்டிக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தானாகவே பலம் இழக்கும். 12 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே தொட்டி 560 கிலோ குளோரினைத்தான் தாங்கும், மீதி 340 கிலோ புகைக்குழாய் வழியாக ஊருக்குப் போகும். வாரம் ஒருமுறை டைட்ரேட் செய்து, அதாவது கரைசலின் பலத்தை ஆய்வகத்தில் அளந்து, எண்ணைத் தொட்டியிலேயே எழுதுங்கள். புளோயரும் பம்பும் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்பதும், உறிஞ்சும் வாய் தரையோடு இருக்கிறதா என்பதும் அடுத்த கேள்விகள்.

டிடெக்டர். தரையிலிருந்து ஒன்று ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்க வசதியாகக் கண் மட்டத்தில் மாட்டியிருந்தால் கனமான வாயு அதற்குக் கீழேயே ஓடிவிடும்.

தண்ணீர். கசியும் இடத்தில் தண்ணீர் பட்டால் அமிலமாகி இரும்பை அரிக்கும், ஓட்டை பெரிதாகும். கசிவினால் குளிர்ந்து உறைபனி பிடித்த டன்னர் தன் கசிவைத் தானே குறைத்துக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றுவது அதற்குச் சூடேற்றுவது. கசியும் டன்னரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளுவதும் அதே தவறு. பக்கத்தில் தீப்பிடித்தால் மட்டும், கசியாத டன்னர்களைக் குளிர்விக்கத் தண்ணீர் அடிக்கலாம். தீயணைப்பு நிலையத்தாரிடம் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே நேரில் போய்ப் பேசி வையுங்கள்.

6. காகிதம், தேதி, பணம்

எம்எஸ்ஐஎச்சி விதிகளின்படி இட அறிவிப்பு, விதி 7: வேலை தொடங்குவதற்கு 3 மாதம் முன்பு. பாதுகாப்பு அறிக்கை, விதி 10: 90 நாள் முன்பு. ஆன்சைட் திட்டம், விதி 13: தொடங்குவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் பட்டியல் 11இல் உள்ளது, அந்தத் தலைப்பு வரிசையிலேயே எழுதினால் அதிகாரியின் கேள்விகள் பாதியாகக் குறையும். தணிக்கை முடிந்தால் உங்கள் கருத்துகளோடு 30 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். இவையெல்லாம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. டன்னர் சேமிப்பு உரிமம் தனி, அது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம், சென்னையில் தெற்கு வட்ட அலுவலகம். டன்னருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. லாரியிலிருந்து இறக்கும்போதே டன்னர்மேல் அடித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள், காலாவதி என்றால் இறக்காமல் திருப்புங்கள்.

தொழிலாளர் சட்டங்கள் தொகுப்பாக மாறியதால் இதெல்லாம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். எம்எஸ்ஐஎச்சி விதிகள் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அவை தனியாகவே நிற்கின்றன.

ஆலைக்கு வெளியே உள்ளவர்களைக் காக்கும் ஆஃப்சைட் திட்டம் உங்கள் வேலை இல்லை, மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஆனால் அதற்கான தகவலைக் கொடுப்பது உங்கள் கடமை. வட்டங்கள் போட்ட வரைபடமும், ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். யாருக்கும் காயமில்லை என்பதால் அறிவிக்கத் தேவையில்லை என்று நினைப்பது பெரிய பொறி. விஷவாயு வெளியேறி ஆலைக்குள் அவசரநிலை வந்தாலே அது விதியின் வரையறைக்குள் வந்துவிடும்.

பணத்தில் பட்ஜெட் போடும்போது விட்டுப்போகும் வரிகள் சில. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991இன் கீழ் பாலிசி எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவோ, அதே அளவு தொகை சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். ஒப்புதல் குறிப்பில் ஒற்றைத் தொகையைக் காட்டிவிட்டால் மறுபடி கோப்பு சுற்றும். மூச்சுக்கருவி ஒருமுறைச் செலவு என்று கணக்கில் எழுதுவார்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் நிரப்ப வேண்டும், நிரப்பும் கம்ப்ரசர் உங்கள் ஊரில் இல்லையென்றால் போக்குவரத்தும் சேரும். டிடெக்டர் சென்சார், காஸ்டிக், ஈய வாஷர், கேஸ்கெட் இவற்றைப் பராமரிப்புத் தலைப்பில் ஆண்டுச் செலவாகப் போடுங்கள். கன்சல்டன்ட்டுக்குப் பணம் தருவதென்றால் கணக்கீட்டுக்கும் வரைபடத்துக்கும் தாருங்கள். ஆட்கள் பட்டியலும் வேலைப் பங்கீடும் நீங்களே எழுத வேண்டியவை.

7. மதிலுக்கு அந்தப் பக்கம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்து ஓடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விதி 15 கேட்பது இதைத்தான், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது.

ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். சைரன் எப்படி ஒலித்தால் வாயு, எப்படி ஒலித்தால் ஆபத்து நீங்கியது. கேட்டதும் வீட்டுக்குள் போய் ஜன்னலை அடையுங்கள், கதவிடுக்கில் ஈரத்துணி செருகுங்கள், ஃபேன், ஏசியை நிறுத்துங்கள், மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். வெளியில் இருந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக் காற்றுக்குக் குறுக்காக நடங்கள். குளோரின் கசிவு பெரும்பாலும் சிறிது நேரத்தில் முடிவது, அந்நேரத்தில் ஊரைத் தெருவுக்கு இழுத்தால் வாயுவுக்குள் இழுப்பதாகிவிடும். துண்டறிக்கை தமிழில் இருக்கட்டும். பக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் விடுதி இருந்தால் இந்தியிலும், தேவைப்பட்டால் ஒடியாவிலும் வங்காளத்திலும்.

பக்கத்து மருத்துவமனையில் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கொடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்டவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, பாதி உட்கார்ந்த நிலையில் வைத்து ஆக்சிஜன் தர வேண்டும். கண்ணைப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பால் கொடுப்பது, வெல்லம் கொடுப்பது, நடக்க வைப்பது எதுவும் வேண்டாம். “இப்ப பரவாயில்ல சார்” என்று சொல்பவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்து வரலாம். ஒரு நாளாவது மருத்துவக் கண்காணிப்பில் இருக்கட்டும்.

8. ஒத்திகை

ஆலைக்குள் 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். இரண்டில் ஒன்றை இரவில் வையுங்கள். காலை 11 மணிக்கு, எல்லாரும் புதுச் சட்டையோடு, போட்டோகிராபர் நிற்க நடக்கும் ஒத்திகையில் எதுவும் தெரியவராது.

கையில் ஸ்டாப் வாட்ச் வைத்து மூன்றே மூன்று நேரங்களை எழுதுங்கள். கசிவு என்று சொன்னதிலிருந்து சைரன் ஒலிக்கும் வரை. முதல் ஆள் மூச்சுக்கருவி மாட்டி முடிக்கும் வரை. தலை எண்ணிக்கை சரியாக வரும் வரை. மூன்றாவதுதான் எப்போதும் இழுக்கும், கான்டிராக்ட் ஆட்களின் பெயர்ப் பதிவு அட்மின் கட்டிடத்துக் கம்ப்யூட்டரில் இருப்பதால். கேட் பதிவேட்டை வைத்து எண்ணப் பழக்குங்கள், காவலர் வெளியேறும்போது அதைக் கையோடு எடுத்துவர வேண்டும்.

ஒருமுறை இன்சார்ஜை ஓரமாக நிற்கச் சொல்லி “இவர் மயங்கி விழுந்துவிட்டார்” என்று அறிவித்துப் பாருங்கள். அடுத்தவர் சைரன் பக்கம் போகிறாரா, கைபேசியை எடுத்து மேலாளரைக் கூப்பிடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

முடிந்த அன்றே சிலிண்டரை நிரப்ப அனுப்புங்கள், காஸ்டிக் அளவைப் பாருங்கள், கிட்டைச் சரிபார்த்துப் புது சீல் போடுங்கள், தொலைபேசிப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பாருங்கள். ஒத்திகை அறிக்கையில் “திருப்திகரம்” என்ற சொல் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எது தாமதமானது, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்ற மூன்று வரி இருந்தால்தான் கையெழுத்து.

பட்டியலில் உள்ள ஆள் ஒருவர் மாறினாலும் அந்தப் பக்கத்தை அன்றே மாற்றி அச்சிட்டுக் காவலர் அறை, பேனல் ரூம், ஷெட்டுக்கு வெளியே மூன்று இடத்திலும் ஒட்டுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டு ஒட்டுங்கள், மேலேயே ஒட்டினால் மழைக்காலத்தில் புதியது உரிந்து பழையது தெரியும்.